மண்ணும் ஏடும்: மாலி நாட்டுக் காட்சிகள்

மதுரைச் சுல்தானின் அரசவையைக் கண்ட இப்னு பதூதா, தம் இறுதிப் பெரும்பயணத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலிப் பேரரசையும் கண்டார். 1340களில் மஅபர் எனப்பட்ட நம் கடற்கரை நாட்டில் தங்கிய அவர், 1352இல் ஒட்டக வணிகர் கூட்டத்தோடு சகாராப் பாலையைக் கடந்தார். வழியில் தகாஸா என்னும் உப்புச் சுரங்க ஊரில் வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் எழுப்பப்பட்டு, ஒட்டகத் தோலால் வேயப்பட்டிருந்தன என எழுதுகிறார். மாலியில் வழிப்போக்கர் கள்வருக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று பாராட்டும் அவரே, மன்னர் சுலைமான் அனுப்பிய வரவேற்புப் பரிசு மூன்று ரொட்டியும் ஓர் இறைச்சித் துண்டும் ஒரு சுரைக்குடுவைத் தயிருமே எனக் கண்டு நகைத்ததையும் மறைக்கவில்லை. பயண நூல் இவ்வாறுதான் இருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

இன்றைய மாலி, 1960இல் பிரெஞ்சு ஆட்சியினின்று விடுதலை பெற்ற, கடற்கரையில்லா நாடு. அதன் உயிர் நைஜர் ஆறு. கினி நாட்டு மலைகளில் தோன்றும் இவ்வாறு, அருகிலுள்ள கடலை நாடாமல் பாலைவனத்தை நோக்கி ஓடி, வில்போல் வளைந்து, ஏறத்தாழ 4,180 கிலோமீட்டர் கடந்தே கடலை அடைகிறது. மாலியின் நடுவே அது பல கிளைகளாகப் பிரிந்து பெருஞ்சமவெளியை நீரால் மூடுகிறது. மழை ஆகஸ்டில் பெய்யினும் வெள்ளத்தின் உச்சம் திம்புக்துவை எட்டுவதற்கு மாதங்கள் பல ஆகும். அதற்குள் வானம் வறண்டுவிடும். மீனவரும் நெல் விளைப்போரும் மேய்ப்பரும் அவ்வெள்ளத்தின் போக்கறிந்தே வாழ்கின்றனர். ஐரோப்பியக் குளிருக்கு அஞ்சிவரும் பறவைகளும் இங்கே தங்குகின்றன.

இச்சமவெளியில் உள்ள ஜென்னி நகரின் பெரிய பள்ளிவாசல், நம் நோக்கில் மாலியின் தலைசிறந்த காட்சி. பழைய பள்ளிவாசல் நின்ற இடத்தில் 1907இல் கட்டி முடிக்கப்பட்ட இது, முழுவதும் வெயிலில் உலர்ந்த மண்கட்டியாலும் மண்பூச்சாலும் ஆனது. கோபுர உச்சிகளில் தீக்கோழி முட்டைகள் விளங்குகின்றன. சுவரெங்கும் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்துண்டுகள் அழகுக்கு மட்டுமல்ல. பூச்சு வேலைக்கு ஏறி நிற்கும் சாரமும் அவையே. அவை நம் பனைக்கு உறவான ஆப்பிரிக்கப் பனையின் துண்டுகள். மழை மண்சுவரைக் கரைக்கும் ஆதலின், ஆண்டுதோறும் ஊரே திரண்டு புதுப்பூச்சுப் பூசுகிறது. உமி கலந்து புளிக்க வைத்த சேற்றை இளைஞர் கூடைகளில் சுமந்தோட, பெண்கள் நீர் கொணர, முதிய கொத்தனார் மேற்பார்வை செய்கின்றனர். இப்பள்ளிவாசல் கல்லால் அமைந்திருப்பின் இத்திருநாள் தோன்றியிராது. கொத்தர் கலை தலைமுறை தாண்டி வந்திராது.

பாண்டியகராச் செங்குத்துப் பாறைகளில் வாழும் டோகன் மக்களின் ஊர்கள், கூம்புக் கூரைக் குதிர்களுக்குப் பெயர் பெற்றவை. அங்கு ஊர்ப் பெரியோர் வழக்குத் தீர்க்கும் மன்றத்தின் கூரை மிகத் தாழ்வானது. சினந்து எழுபவன் தலை இடித்துக்கொண்டு மீண்டும் அமர வேண்டியதுதான்! நம் கூட்டங்கள் சிலவற்றுக்கும் அத்தகைய கூரை வேண்டுமெனத் தோன்றுகிறது.

திம்புக்துவின் செல்வமோ ஏடுகள். 1324இல் மன்னர் மன்ஸா மூஸா ஹஜ்ஜுக்குச் செல்கையில் கெய்ரோவில் வழங்கிய பொன்னால் அங்கே பொன்விலையே சரிந்தது என அல்உமரி எழுதினார். அவர் திரும்பிய பின் எழுந்ததே ஜிங்கரேபேர் பள்ளிவாசல். சங்கோரே பள்ளிவாசலைச் சூழ்ந்து கல்வி செழித்தது. மார்க்கச் சட்டம், வானியல், மருத்துவம், இலக்கணம் எனப் பல துறைக் கையெழுத்து நூல்களைக் குடும்பங்கள் வழிவழியாகக் காத்தன. உள்ளூர் மொழிகளை அரபு எழுத்தில் எழுதிய ஏடுகளும் அவற்றுள் உண்டு. அரபுத்தமிழ் அறிந்த நமக்கு இது புதிதன்று.

2012இல் ஆயுதக் குழுவினர் நகரைக் கைப்பற்றி, சமயத்தின் பெயராலேயே இறைநேசர்களின் அடக்கத்தலங்களை இடித்தனர். 2013 ஜனவரியில் தப்பியோடும்போது அகமது பாபா நிறுவனத்தின் ஏடுகளில் ஏறத்தாழ 4,000ஐ எரித்தும் அழித்தும் சென்றனர். மார்க்க நூல்கள் நிறைந்த தொகுப்பு அது என எண்ணுகையில் நெஞ்சு பதைக்கிறது. எனினும் அதற்கு முன்பே, நூலகர் அப்துல் காதிர் ஹைதாராவும் துணைநின்றோரும் லட்சக்கணக்கான ஏடுகளைப் பெட்டிகளில் அடைத்து, வண்டியிலும் படகிலும் தலைநகர் பமாகோவுக்குக் கடத்திக் காத்திருந்தனர். இடிந்த அடக்கத்தலங்களை உள்ளூர்க் கொத்தனார்களே 2015இல் மீண்டும் கட்டினர். இடிப்பில் பங்கேற்ற ஒருவருக்கு 2016இல் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 9 ஆண்டுச் சிறை விதித்தது.

கள்வர் அச்சமில்லை என இப்னு பதூதா போற்றிய வழிகளில் இன்று பயணிகள் இல்லை. போர் ஓயாமையால் பல அரசுகள் தம் மக்களை அங்கே செல்ல வேண்டாமென எச்சரிக்கின்றன. வழிகாட்டிகளும் படகோட்டிகளும் பிழைப்பிழந்தனர். அந்நிலையிலும் 2025 ஆகஸ்டில், பமாகோவில் காக்கப்பட்ட ஏட்டுப் பெட்டிகளில் ஒரு பகுதி திம்புக்துவுக்குத் திரும்பியது.