பழுதுடன் பறக்கலாமா?



மிதிவண்டியில் மணி அடிக்கவில்லை என்பதற்காக நாம் பள்ளிக்கு வராமல் இருந்துவிடுவதில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்றாலோ அந்த வண்டியைத் தொடவும் மாட்டோம். பழுதுக்கும் பழுதுக்கும் உள்ள இந்த வேறுபாடு ஆகாய விமானத்திற்கும் உண்டு. நூற்றுக்கணக்கான மக்களைச் சுமந்து செல்லும் பெரிய விமானம், ஏதோ ஒரு கருவி பழுதாயிருக்கும்போதே சட்டப்படி புறப்படுவதுண்டு. கேட்கவே அச்சமாக இருக்கிறதல்லவா? அந்த அச்சம் எவ்வளவு நியாயமானது என்று சற்று ஆராய்வோம்.

பறக்கும் தகுதி

1944-ஆம் ஆண்டு சிகாகோ நகரில் பல நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. நாடு விட்டு நாடு செல்லும் ஒவ்வொரு விமானமும், தான் பதிவு செய்யப்பட்ட நாடு வழங்கிய பறக்கும் தகுதிச் சான்றிதழைப் பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. நம் நாட்டில் இச்சான்றிதழை வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்.

எல்லாம் சரியாக இருந்தால்தான் தகுதி என்று வைத்துக்கொண்டால், சிறு விளக்கு ஒன்று எரியாவிட்டாலும் விமானம் தரையிலேயே நிற்க வேண்டும். விமானத்தில் முக்கியமான கருவிகள் பலவும் இரண்டு மூன்றாக அமைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே, எது பழுதானாலும் புறப்படலாம், என்ன நிபந்தனையோடு புறப்படலாம் என்று வகுத்துக் கூறும் ஒரு பட்டியல் உண்டு. அதற்குக் குறைந்தபட்சக் கருவிப் பட்டியல் என்று பெயர். வானிலை ராடார் பழுதா? வழியில் இடியும் மின்னலும் எதிர்பார்க்கப்படாவிட்டால் செல்லலாம். காற்றழுத்தம் தரும் இரு சாதனங்களில் ஒன்று பழுதா? வழக்கத்தைவிடத் தாழ்வாகப் பறக்க வேண்டும்.

தவணையும் உண்டு. பழுதின் தன்மைக்கேற்ப 3 நாள், 10 நாள், 120 நாள் என்று கெடு வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் சரிசெய்தே தீர வேண்டும். பழுதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பழுதான கருவியின் மீது அடையாளச் சீட்டு ஒட்ட வேண்டும். பட்டியல் அனுமதித்தாலும், "இந்த விமானத்தை எடுக்க மாட்டேன்" என்று மறுக்கும் உரிமை விமானிக்கு உண்டு.

கனடாவில் நடந்தது

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்பதை 1983-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் கனடாவில் நடந்த ஒரு நிகழ்ச்சி தெளிவாக்கும். ஏர் கனடா நிறுவனத்தின் புத்தம்புதிய போயிங் 767 விமானத்தில் எரிபொருள் அளவைக் காட்டும் கருவி சரியாக வேலை செய்யவில்லை. அக்கருவிக்கு இரண்டு வழித்தடங்கள் உண்டு. பழுதான தடத்தின் மின்னிணைப்பைத் துண்டித்தால் மற்றொன்று வேலை செய்யும் என்று எட்மண்டன் நகரில் ஒரு தொழில்நுட்பர் கண்டறிந்து, அவ்வாறே செய்து, சீட்டும் ஒட்டினார். விமானம் பத்திரமாக மான்ட்ரியல் வந்தது.

மான்ட்ரியலில் வேறொருவர் சோதனைக்காக அந்த இணைப்பை மீண்டும் கொடுத்தார். அதற்குள் வேறு வேலை குறுக்கிட்டதால், மறுபடி துண்டிக்க மறந்து போய்விட்டார். மானிகள் முற்றிலும் இருண்டன. ஒட்டிய சீட்டு மட்டும் பழையபடியே இருந்தது. மானிகள் இருண்ட நிலையில் புறப்படப் பட்டியல் அனுமதிக்கவில்லை. ஆனால் விமானம் இதே நிலையில்தான் வந்து சேர்ந்தது என்று எண்ணி, புதிய தலைமை விமானி ராபர்ட் பியர்சன் புறப்பட இசைந்தார்.

கணக்கில் வந்த பிழை

மானி இல்லாததால் அளவுகோல் கொண்டு எரிபொருளை அளந்தனர். தொட்டிகளில் 7,682 லிட்டர் இருந்தது. பயணத்திற்குத் தேவை 22,300 கிலோ. ஒரு லிட்டர் எரிபொருளின் எடை ஏறத்தாழ 0.8 கிலோ. ஆனால் அவர்கள் பெருக்கியதோ 1.77 என்ற எண்ணால்! அது ஒரு லிட்டரின் எடையைப் பவுண்டில் கூறும் எண். கிலோவுக்கு மாறிய முதல் விமான வகை அந்நிறுவனத்தில் அதுவே ஆதலால், பழைய எண் பழக்கத்தில் வந்து நுழைந்துவிட்டது. ஏறத்தாழ 20,000 லிட்டர் ஊற்ற வேண்டிய இடத்தில் 5,000 லிட்டருக்கும் குறைவாகவே ஊற்றினார்கள். அலகை எழுத மறந்தால் ஆசிரியை மதிப்பெண் குறைப்பது எவ்வளவு சரி என்று இப்போது புரிகிறதல்லவா?

12,500 மீட்டர் உயரத்தில் எரிபொருள் தீர்ந்து இரு எஞ்சின்களும் அடுத்தடுத்து நின்றன. விமானத்தில் இருந்தவர்கள் 69 பேர். வின்னிபெக் நகருக்கு எட்ட முடியாது என்று கண்டதும், துணை விமானி மாரிஸ் குயின்டல் தாம் முன்பு பணியாற்றிய கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தை நினைவுகூர்ந்தார். பியர்சன் எஞ்சின் இல்லாத மிதவை விமானம் ஓட்டிப் பழகியவர். சுமார் 17 நிமிடம் காற்றில் மிதந்து வந்த விமானம் கிம்லியில் இறங்கியது. அந்த ஓடுபாதை அப்போது கார்ப் பந்தயத் திடலாக மாறியிருந்தது; அன்று அங்கே மக்கள் கூடியும் இருந்தனர். முன் சக்கரம் மடங்கி மூக்கு தரையில் உராய்ந்தபோதிலும் ஓர் உயிரும் போகவில்லை. அதே விமானம் பழுது நீக்கப்பட்டு 2008 வரை பறந்தது.

நாம் அறிவது

தோழியரே, அந்த விமானத்தை வீழ்த்தப் பார்த்தது பழுதான கருவி மட்டுமன்று. அப்பழுதோடு எட்மண்டனிலிருந்து அது நலமாகவே வந்ததே! முதலாமவர் செய்ததை அடுத்தவர் கலைத்தார். கலைத்ததை எவருக்கும் சொல்லவில்லை. பட்டியல் சொன்னதை எவரும் இறுதி வார்த்தையாகக் கொள்ளவில்லை. ஒத்திவைத்த பழுது ஒரு கடன் போன்றது. எவ்வளவு கடன், என்ன நிபந்தனை, எந்நாளில் அடைக்க வேண்டும் என்பது அடுத்துப் பொறுப்பேற்பவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும்வரை அதனால் கேடில்லை. அது மறைந்துபோகும் நாளில்தான் ஆபத்து பிறக்கிறது.

நம்முள் சிலர் நாளை பொறியாளராகலாம், விமானியாகலாம், செவிலியாகலாம். எப்பணி ஏற்றாலும், பாதியில் விட்ட வேலையை எழுதி வைத்து, அடுத்தவரிடம் சொல்லிவிட்டு எழும் பழக்கத்தை இன்றே கைக்கொள்வோமாக!