பழுதுற்ற காப்பு வட்டு: சீர்படுத்துவதா, மாற்றுவதா?

ஆசிரியர் இல்லத்திலும் கள ஊழியர் இல்லத்திலும் கணிப்பொறி இன்று இடம்பெற்றுவிட்டது. மாணவர் மதிப்பெண்கள், மழைமானி அளவுகள், மண் பரிசோதனை முடிவுகள், குடும்பப் புகைப்படங்கள் ஆகிய யாவும் அதனுள் அடங்கியுள்ளன. இவற்றின் காப்புப் பிரதியைப் பலர் யு.எஸ்.பி. கேபிளால் இணைக்கப்படும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் வைத்துள்ளனர். அக்கருவி ஒருநாள் இயங்க மறுப்பின் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதல் வினா

திருப்புளியைக் கையிலெடுக்கு முன் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: இதிலுள்ள விவரங்கள் வேறெங்கேனும் உள்ளனவா?

மூலம் கணிப்பொறியில் நலமாக இருப்பின், பழுதுற்றது காவல் மட்டுமே, பொருள் இழக்கப்படவில்லை. ஆயினும் அக்கணம் முதல் அவ்விவரங்களுக்கு ஒரே பிரதிதான் உண்டு என்பதை மறத்தலாகாது. ஆதலின் பழையதைச் சீர்படுத்த முனைந்து நாட்களைக் கழிப்பதைவிட, வேறொரு கருவியில் உடனே புதுப்பிரதி எடுத்தலே முறை.

இடம் போதாமையால் மூலத்தை அழித்துவிட்டு, விவரங்களை வட்டில் மட்டும் வைத்திருந்தால் நிலைமை வேறு. அவ்வட்டு காப்புப் பிரதியன்று, அதுவே மூலம். அதற்கு மின்சாரம் அளிக்கும் ஒவ்வொரு முறையும் இழப்பு மிகக்கூடும்.

வட்டின் அமைப்பு

ஐ.பி.எம். நிறுவனம் 1956-ஆம் ஆண்டு வெளியிட்ட ராமாக் என்னும் பொறியே ஹார்டு டிஸ்க் கொண்ட முதல் வாணிபக் கணிப்பொறியாகும். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அதில் சுழன்றன. ஆயினும் அது கொண்டது சுமார் 50 லட்சம் எழுத்துகளே. இன்றைய வட்டு உள்ளங்கையில் அடங்கும். அடிப்படைத் தத்துவமோ மாறவில்லை: காந்தப் பூச்சுள்ள தட்டு சுழல, அதன்மேல் ஒரு முனை மிதந்து எழுதுகிறது, படிக்கிறது.

அதன் நுண்மையை ஒரு கணக்கால் உணரலாம். தட்டின் விட்டம் 65 மில்லிமீட்டர். நிமிஷத்திற்கு 5400 சுற்று, அதாவது வினாடிக்கு 90 சுற்று. விளிம்பின் சுற்றளவு ஏறத்தாழ 0.204 மீட்டர். எனவே விளிம்பு வினாடிக்கு 18.4 மீட்டர், மணிக்குச் சுமார் 66 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. முனையோ தட்டிலிருந்து சில நானோமீட்டர் உயரத்திலேயே மிதக்கிறது. தலைமயிரின் தடிப்பு பல்லாயிரம் நானோமீட்டர். ஒரு தூசு உட்புகுந்தால் விளையும் கேட்டை இதனால் அறியலாம்.

பரிசோதிக்கும் முறை

எளிய காரணத்தினின்று தொடங்கிக் கடிய காரணத்திற்குச் செல்லல் வேண்டும்.

1. கேபிளை மாற்றிப் பார்க்க. பழுது கேபிளோடு ஒழிவதும் உண்டு.

2. மின்சாரத்தைக் கவனிக்க. சிறிய வட்டு யு.எஸ்.பி. வாயிலிலிருந்தே 5 வோல்ட் மின்சாரம் பெறுகிறது. கிளைப்பெட்டி வழியாக இணைப்பின் அது போதாதிருக்கலாம். கணிப்பொறியோடு நேரே இணைக்க வேண்டும். பெரிய வட்டுக்குத் தனி அடாப்டர் உண்டு. அதன் 12 வோல்ட் அளவைச் சோதித்தறியலாம்.

3. ஒலியைக் கேட்க. சீரான சுழற்சி ஒலியிருந்தும் கணிப்பொறி அறியாவிடில், பெட்டியிலுள்ள இணைப்புப் பலகை கெட்டிருக்கக்கூடும். வட்டைப் பெட்டியினின்று எடுத்து வேறு பெட்டியிலிட்டால் பலமுறை இயங்கும். ஆயின் சில வட்டுகளில் யு.எஸ்.பி. வாயில் வட்டின் பலகையிலேயே அமைந்துள்ளது. வேறு சிலவற்றில் பெட்டியின் பலகை விவரங்களை மறைகுறியாக்கி எழுதுகிறது. இவற்றுக்கு இம்முறை பயன்படாது.

4. வாயிலை மாற்றிய பின்னரும் 'டிக், டிக்' என்னும் ஒலி தொடர்ந்தால் உடனே நிறுத்துக. முனை பழுதுற்றமைக்கு அஃது அறிகுறி.

5. வட்டு இயங்கினால், 'ஸ்மார்ட்' என்னும் தன்பரிசோதனைக் குறிப்பைப் படிக்க. இடம் மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை பெருகி வருமாயின், அவ்வட்டை இனி நம்புதல் தகாது.

செய்யத்தகாதவை

வட்டின் மூடியை வீட்டில் திறத்தல் கூடாது. குளிர்பெட்டியில் வைத்தலும் கூடாது; வெளியே எடுத்ததும் ஈரம் படியும். 'ஃபார்மட் செய்யவா?' எனக் கணிப்பொறி வினவின், மறுத்துவிடுக. மீட்ட விவரங்களை அதே வட்டில் எழுதற்க. வேறொரு வட்டின் மின்பலகையை எடுத்துப் பொருத்துதலும் பெரும்பாலும் பயன் தராது. ஒவ்வொரு பலகையிலும் அதனதன் வட்டுக்கே உரிய அளவுகள் பதிந்துள்ளன. ஒரே பிரதியாயின், தூசற்ற அறையுடைய மீட்பு நிலையத்தை நாடுதலே வழி. அதன் செலவு புதிய வட்டின் விலையைப் பன்மடங்கு மிஞ்சக்கூடும்.

மாற்றும் முறை

புதிய வட்டில் பிரதியெடுக்க ஆகும் நேரத்தை முன்னரே கணக்கிடுக. வினாடிக்கு 100 மெகாபைட் வீதம் 1 டெராபைட் எழுத 10,000 வினாடி, அதாவது ஏறத்தாழ 2 மணி 47 நிமிஷம் ஆகும். எழுதி முடிந்ததும் சில கோப்புகளைத் திறந்து பார்த்தல் இன்றியமையாதது. திரும்பப் பெற்றுப் பாராத பிரதி, பிரதியென்று கொள்ளத்தக்கதன்று.

மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவி, ஒன்று வேறிடத்தில் என்பது நல்விதி. பிரதியெடுத்ததும் வட்டைக் கழற்றி வைத்தல் நன்று. மின்னல் தாக்கினும், தீய நிரல் புகினும் அது தப்பும்.

பழைய வட்டை அகற்றல்

இயங்கும் வட்டாயின் விவரங்களை முழுதும் மேலெழுதி அழித்த பின்னரே அப்புறப்படுத்துக. அதைக் குப்பையில் எறிதல் தகாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் அது சேர வேண்டும்.

வகுப்பறைக்கு வினாக்கள்

1. 95 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டு நிமிஷத்திற்கு 7200 முறை சுழன்றால், விளிம்பின் வேகம் யாது?

2. ஒரே வட்டில் இருமுறை எழுதிய கோப்பை இரு பிரதிகளாகக் கொள்ளலாமா? காரணம் கூறுக.

3. உங்கள் பள்ளியின் அல்லது அலுவலகத்தின் பதிவேடுகளுள் ஒரே பிரதியாக உள்ளவை எவை? பட்டியல் தயாரித்து, இவ்வாரமே அவற்றுக்கு மறுபிரதி எடுக்க.