கீற்றுத் தட்டிக்குப் பதில் நொச்சி மறைப்பு

தோட்டத்து வீடுகளில் குளிக்கும் இடத்தைச் சுற்றித் தென்னங்கீற்றுத் தட்டி கட்டுவது வழக்கம். மழையில் நனைந்து, அடியில் கறையான் ஏறி, அது இரண்டாம் ஆண்டைத் தாங்குவது அரிது. தட்டி சரிந்தால் சங்கடப்படுவது பெண்கள்தான். பாதையில் ஆள் நடமாட்டம் தொடங்குமுன் குளித்து முடிக்க வேண்டும். இல்லையேல் இருட்டும்வரை காத்திருக்க வேண்டும். களையெடுத்துவிட்டு உச்சி வெயிலில் திரும்புகிறவர்களுக்கு இது சிறிய தொல்லை அல்ல.

செடிகளைக் கொண்டே நிலையான மறைப்பு அமைக்கலாம். ஆடு கடிக்காத செடியாக இருக்க வேண்டும் என்பதே முதல் விதி. நொச்சியையும் ஆடாதோடையையும் ஆடுகள் பொதுவாகத் தொடுவதில்லை. இரண்டும் போத்து மூலம் வருபவை. கழித்த தழை நெல் வயலுக்கு உரமாகும். அரளி அடர்ந்து வளரும், பூவும் அழகு. ஆனால் முழுச் செடியும் நஞ்சு. மாடு கட்டும் வீட்டில் அது வேண்டாம். நெய்வேலிக் காட்டாமணக்கும் கால்நடைக்கு ஆகாது. வாய்க்காலில் இறங்கிவிட்டால் அழிப்பதும் கடினம்.

புரட்டாசி, ஐப்பசி மழை நடவுக்கு ஏற்றது. சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, இரண்டடி அகலம், ஓரடி ஆழத்தில் பள்ளம் எடுத்து, தொழு உரம் கலந்த மண்ணால் மூட வேண்டும். முற்றிய கிளையில் கட்டைவிரல் பருமனில் ஓரடி நீளப் போத்துகளை வெட்டி, பாதி மண்ணுக்குள் போகுமாறு நடவேண்டும். தலைகீழாக நட்டுவிடாமல் இருக்க, அடிமுனையை மட்டும் சாய்வாக வெட்டிக்கொள்வது நல்லது. ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு வரிசை. வரிசைக்குள் ஓரடிக்கு ஒன்று. முதல் வரிசையின் இடைவெளிக்கு நேராக இரண்டாம் வரிசைப் போத்து வரவேண்டும்.

பலரும் தவறுவது இதற்குப் பிறகுதான். செடி சீக்கிரம் உயரட்டும் என்று வெட்டாமல் விட்டுவிடுகிறார்கள். ஆள் உயரத்தில் தழை இருக்கும். முழங்காலுக்குக் கீழே வெறும் குச்சி நிற்கும். அது மறைப்பு ஆகாது. இரண்டடி வளர்ந்ததும் மனம் இரங்காமல் ஓரடிக்கு வெட்டிவிட வேண்டும். அடியிலிருந்து பக்கக் கிளைகள் வெடிக்கும். பிறகு ஒவ்வொரு அடி வளர்ச்சிக்கும் பாதியைக் கழித்து, ஆறடியில் நிறுத்தலாம். அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் கத்தரித்தால் கீழ்த்தழைக்கும் வெயில் கிடைக்கும். தலை பரந்தால் கீழ்த்தழை உதிர்ந்துவிடும்.

முழு அடர்த்தி வர இரண்டு மழைக்காலமாவது ஆகும். அதுவரை பழைய தட்டி உட்புறம் இருக்கட்டும். அவரைக்கொடியை அதன்மேல் விடலாம். இளஞ்செடிமேல் ஏறவிடக் கூடாது, அமுக்கிவிடும்.

குளித்த தண்ணீர் வேரில் தேங்கினால் போத்து அழுகும். சிறு கால்வாய் வெட்டி வாழைக்குத் திருப்பிவிடலாம். பாம்புக்குப் பயந்தே பலர் புதர் வைப்பதில்லை. அந்தப் பயம் நியாயமானது. செடியடியில் சருகு, கல், விறகு சேராமல் வாரம் ஒரு முறை பெருக்கித் தரை தெரியும்படி வைத்திருக்க வேண்டும்.

வழி விடும் இடத்தில் கதவு தேவையில்லை. திறப்புக்கு எதிரே மூன்றடி தள்ளி, திறப்பைவிட இருபுறமும் ஓரடி நீளமாக இன்னொரு வரிசை நட்டால் போதும். சுற்றிக்கொண்டு உள்ளே போகலாம், வெளியிலிருந்து பார்வை போகாது.