மறைவெப்பமும் மன்னார்க் கரையும்

வெப்பம் ஊட்டினால் பொருளின் வெப்பநிலை உயரும் என்பது யாவரும் அறிந்தது. ஆயினும், வெப்பம் ஊட்டியும் வெப்பநிலை உயராத வேளை ஒன்று உண்டு. உருகுகின்ற பனிக்கட்டித் துண்டுகளிடையே வெப்பமானியை வைத்து, நன்கு கலக்கியவாறு மெல்லச் சூடேற்றுக. கடைசித் துண்டு நீராகும் வரையில் வெப்பமானி 0 பாகை செல்சியசிலேயே நிற்கும். அங்ஙனமாயின் ஊட்டிய வெப்பம் எங்கே சென்றது?

1760களின் தொடக்கத்தில், கிளாசுக்கோப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த யோசேப்பு பிளாக்கு என்பவர் இவ்வினாவை ஆராய்ந்து விடை கண்டார். திண்மத்தின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றி நிற்பவை. அப்பிடியைத் தளர்த்துவதற்கே வெப்பம் செலவாகின்றது. ஆகவே அது வெப்பமானிக்குப் புலப்படுவதில்லை. இதனையே மறைவெப்பம் என்கின்றோம். தமிழிலக்கணம் பயின்றோர் இச்சொல்லை வினைத்தொகையாகக் கொள்வர். மறைந்த வெப்பம், மறைகின்ற வெப்பம், மறையும் வெப்பம் என முக்காலத்துக்கும் இது பொருந்தும். நீர் மீண்டும் உறையும்போது அவ்வெப்பம் முழுதும் வெளிப்படும் என்பதையும் மறத்தலாகாது.

0 பாகையிலுள்ள 1 கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு 80 கலோரி வேண்டும். அவ்வாறு உருகிய நீரை 0 பாகையிலிருந்து 80 பாகை வரை சூடேற்றுவதற்கும் ஏறத்தாழ அதே வெப்பம்தான் வேண்டும். 100 பாகையில் 1 கிராம் நீர் ஆவியாவதற்கோ 540 கலோரி தேவை.

இவ்வெண்கள் ஏட்டளவில் நிற்பவை அல்ல. பேசாலையிலோ வங்காலையிலோ கரையேறிய 10 கிலோக்கிராம் மீனை எடுத்துக்கொள்வோம். அதன் வெப்பநிலை 30 பாகை. தன்வெப்பம் நீரின் தன்வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பங்கு. அதனை 0 பாகைக்குக் கொணர 240 கிலோக்கலோரியை அகற்றல் வேண்டும். 3 கிலோக்கிராம் பனிக்கட்டி உருகினால் அத்தனையும் அகன்றுவிடும். பனிக்கட்டிக்கு மாறாக, 0 பாகையிலுள்ள நீரை அதே 3 கிலோக்கிராம் ஊற்றினால் மீன் ஏறத்தாழ 22 பாகை வரைதான் குளிரும். அந்நிலையில் அது விரைவிற் கெட்டுவிடும். மீனைக் காப்பது நீரின் குளிர்ச்சியன்று, கட்டியின் உருகுதலே என்பது இதனாற் பெறப்படும். பெட்டியின் சுவர் வழியே புகும் வெப்பத்தையும் பனிக்கட்டியே ஏற்கவேண்டியிருத்தலின், மீனின் எடைக்கு ஏறத்தாழ ஒத்த எடைப் பனிக்கட்டி இடுதல் வெப்பநாடுகளில் வழக்கமாயிற்று. பனிக்கட்டியிற் காட்டும் சிக்கனம் மீனின் விலையில் நட்டமாக முடியும்.

இனி உப்பளத்தை நோக்குவோம். நீர் ஆவியாவதற்குக் கொதித்தல் வேண்டுமென்பதில்லை. 30 பாகையிலும் அது ஆவியாகும். அப்பொழுது 1 கிராமுக்கு ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். கடல்நீரிலிருந்து 1 கிலோக்கிராம் உப்பைப் பெற ஏறத்தாழ 35 கிலோக்கிராம் நீரைப் போக்கல் வேண்டும். அதற்குச் செல்லும் வெப்பம் 20,000 கிலோக்கலோரிக்கு மேற்பட்டது. உலர்ந்த விறகை எரித்து இதனைப் பெறுவதாயின், ஒரு சிறிதும் வீணாகாது எனக் கொள்ளினும், ஏறத்தாழ 5 கிலோக்கிராம் விறகு செலவாகும். மன்னாரின் வெயிலும் சோளகக் காற்றும் இப்பெரும் பணியைக் கூலியின்றிச் செய்கின்றன. மாரி பிறந்ததும் உப்பு விளைச்சல் ஓய்வதன் காரணமும் இதனால் விளங்கும்.

கடலிலிருந்து எழுந்த ஆவி தான் கவர்ந்த வெப்பத்தைச் சுமந்தே மேலே செல்கின்றது. அங்கே அது குளிர்ந்து முகிலாகும்போது, மறைந்திருந்த வெப்பம் வெளிப்பட்டுச் சூழ்ந்த வளியைச் சூடாக்கும். சூடான வளி மேன்மேலும் எழ, கீழே அமுக்கம் குறையும். அவ்விடத்தை நாடிச் சுற்றிலுமிருந்து ஈரக்காற்று விரையும். புவியின் சுழற்சியால் அக்காற்றுச் சுழலத் தொடங்கும். சூறாவளிக்கு வலுவூட்டுவது இவ்வெப்பமே. ஏறத்தாழ 26 பாகைக்கு மேற்பட்ட வெதுவெதுப்பான கடலின்மீதே அது வளர்வதும், ஆவி வரவு குன்றும் நிலத்தில் ஏறியதும் தளர்வதும் இதனாலேயே.

1964 ஆம் ஆண்டு திசம்பர் 22, 23 ஆம் நாள்களில் வட இலங்கையைக் கடந்து சென்ற சூறாவளி, எதிர்க்கரையில் தனுக்கோடியை அழித்தது. அங்கு சென்ற புகைவண்டியும் பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. 2020 திசம்பரில் புரெவிப் புயல் திருக்கோணமலைக்கு வடக்கே கரையேறி, தீவைக் கடந்து மன்னார் வளைகுடாவை அடைந்தது. குறுகிய நிலத்தைக் கடந்த புயல் மீண்டும் வெதுவெதுப்பான கடலை அடையுமாயின் அதற்கு ஆவி மறுபடியும் கிட்டும். எனவே, கிழக்குக் கரையிற் புயல் ஏறிவிட்டதெனக் கேட்டு மேற்குக் கரையார் ஆறுதலடைதல் தகாது. எச்சரிக்கை நீங்கும் வரை வள்ளங்களைக் கரையிலேயே நிறுத்துதல் அறிவுடைமை.

மீன்பெட்டியிலும், உப்புப் பாத்தியிலும், மாரி முகிலிலும் தொழிற்படும் விதி ஒன்றே. ஆசிரியத் தொழில் ஏற்றுள்ள நம் பழைய மாணவர்கள் இப்பாடத்தைக் கரும்பலகையோடு நிறுத்தாது, பிள்ளைகளைக் கடற்கரைக்கும் உப்பளத்துக்கும் அழைத்துச் சென்று கற்பிப்பாராக.