தரவுத்தளக் காவல்

பொருளை ஈட்டுதல் ஒரு தொழில். ஈட்டியதைக் காத்தல் பிறிதொரு தொழில். இக்காலத்தே பாங்கியின் வரவுசெலவும், மருத்துவமனையின் நோயாளர் குறிப்பும், கல்லூரியின் மதிப்பெண் பதிவும் ஏட்டை விட்டுக் கணினியுட் புகுந்துவிட்டன. அவற்றை ஒழுங்குற வைத்து, வேண்டுங்கால் விரைந்து எடுத்துக்கொடுக்கும் அமைப்பே தரவுத்தளம் எனப்படும். அதனைப் பேணுபவர் தரவுத்தள நிர்வாகி. அவர்தம் தொழிலின் இயல்பை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1970-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பெனியில் ஆராய்ச்சி புரிந்த எட்கர் காட் என்பார், தரவுகளைத் தம்முள் தொடர்புடைய அட்டவணைகளாக அமைக்கும் முறையை வெளியிட்டார். இன்று வழங்கும் தரவுத்தளங்களுட் பெரும்பாலன அம்முறையைத் தழுவியனவே. யார் எவ்வட்டவணையைக் காணலாம், யார் திருத்தலாம் என வரையறுத்தல், விடை தாழ்க்கும் வினவல்களைச் சீர்ப்படுத்தல், நாள்தோறும் நகல் எடுத்துவைத்தல், நள்ளிரவில் அபாய அறிவிப்பு வரினும் எழுந்து கவனித்தல் ஆகிய இவையே நிர்வாகியின் அன்றாடக் கடமைகள். இவை செவ்வனே நடக்குங்கால் ஒருவரும் அவரை நினையார். பிழைபட்ட அன்றே எல்லாரும் நினைப்பர்.

முன்னாளில் தரவுகள் யாவும் அந்தந்த நிலையத்தின் அறையிலேயே இருந்தன. 2006-ஆம் ஆண்டில் அமேசான் கம்பெனி சேமிப்பிடத்தையும் கணினிகளையும் வாடகைக்கு விடத் தொடங்கியபின், அவை மேகக் கணிமைக்குக் குடிபெயரலாயின. மேகம் என்பது பெயரளவே. உண்மையில் அது பிறர் கட்டடத்திலுள்ள கணினியே. வாடகை வீட்டின் சுவருக்கு உடையவர் பொறுப்பு. கதவைப் பூட்டுதற்கும், சாவியை யாரிடம் கொடுப்பது என்பதற்கும் குடியிருப்பவரே பொறுப்பு. மேகத்திலும் முறை அதுவேயாம். இதனை மறந்தமையால் விளைந்த கேடுகள் பல.

2019-ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க நாட்டுக் கேப்பிடல் ஒன் என்னும் பாங்கிக்கு நேர்ந்தது காண்க. வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வால் என்னும் காவலரண் பிழைபட அமைக்கப்பட்டிருந்தது. அதற்கு அளித்திருந்த அனுமதியோ அதன் வேலைக்கு வேண்டியதினும் மிகுதி. அவ்வழியே புகுந்த ஒருவர் அமெரிக்கரில் ஏறத்தாழ 10 கோடி பேர், கனடா நாட்டாரில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் ஆகியோரின் விவரங்களைக் கவர்ந்தார். தரவுகள் மறைகுறியாக்கப்பட்டிருந்தும், பெற்ற அனுமதியே அவற்றைத் திறந்துவிட்டது. 2020-இல் அப்பாங்கி 8 கோடி டாலர் அபராதம் செலுத்த நேர்ந்தது. ஒருவர்க்கு அவர் வேலைக்கு வேண்டுமளவு அனுமதியே அளித்தல் வேண்டும் என்னும் விதியின் பயன் இதனால் விளங்கும்.

இனி, பகைவர் இன்றியும் கேடு வரும். 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் கிட்லேப் என்னும் நிறுவனத்தில், துணைத் தரவுத்தளத்தைச் செப்பனிட முயன்ற பொறியாளர் ஒருவர், தாம் இருப்பது முதன்மைத் தரவுத்தளம் என உணராது அதன் கோப்புகளை அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் 4.5 மட்டுமே எஞ்சியது. காப்புமுறைகள் ஐந்து இருந்தும் ஒன்றேனும் நம்பத்தக்கதாய் இல்லை. நாள்தோறும் எடுத்ததாகக் கருதிய நகல், மென்பொருட் பதிப்புகள் ஒவ்வாமையால் எடுக்கப்படவேயில்லை. அதனைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரை அடையவில்லை. வேறொரு காரியத்திற்காக ஆறு மணி நேரம் முன்னர் எடுத்திருந்த படியொன்றே அவர்களைக் காத்தது. இடைப்பட்ட நேரத்துப் பதிவுகள் அழிந்தொழிந்தன. அந்நிறுவனம் நிகழ்ந்ததனை ஒளியாது வெளியிட்டமை பாராட்டத்தக்கது. பிறர் கற்பதற்கு அதுவே ஏதுவாயிற்று.

ஆதலின் நகல் எடுத்தல் மட்டும் காவலாகாது. எடுத்த நகலினின்று தரவுத்தளத்தை மீள அமைத்துப் பார்த்தலே காவலாம். நகலை வேறிடத்து வைத்தல், மறைகுறிச் சாவியைத் தரவோடு ஒருங்கே வையாமை, கடவுச்சொல்லோடு இரண்டாவது சான்றும் கேட்டல், யார் எப்பொழுது நுழைந்தார் என்னும் குறிப்பை இடையறாது பார்த்தல், பணியினின்று நீங்கினார் அனுமதியை அன்றே நீக்குதல் ஆகியனவும் இன்றியமையாதன.

மாணவ நண்பர்களே! இத்தொழிலிற் புக விழைவார் நம்முட் பலர். அட்டவணையின் ஒவ்வொரு வரியும் ஒரு மனிதரின் சேமிப்பு, நோய், தேர்ச்சி ஆகியவற்றுள் ஒன்றாகும். அவர் நம்மை அறியார், நம்பி ஒப்படைத்துளார். இதனை நினைவிற்கொண்டு, காப்பு உளது என்று கருதியிராது, உளதா என நாள்தோறும் சோதிப்போமாக.