மலை ஏறுவது நல்லது – ஆனால் வாரத்தில் எத்தனை நாள்?



செஞ்சி என்றாலே கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் வளைத்துக் கட்டிய மதில்களைத் தினமும் பார்த்துக்கொண்டேதான் நாம் வயலுக்கும் சந்தைக்கும் போகிறோம். 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் வரிசையில் மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டு சேர்க்கப்பட்டன. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இருப்பது நம் செஞ்சி ஒன்றுதான். இது நமக்குப் பெருமை.

வெளியூர்க்காரர்கள் ஆண்டுக்கொரு முறை ஏறிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நமக்கு அப்படி இல்லை. கமலக்கண்ணி அம்மனைக் கும்பிட ராஜகிரி ஏறுகிறோம். சிங்கவரம் ரங்கநாதரைப் பார்க்கப் படி ஏறுகிறோம். ஆடு ஓட்டிக்கொண்டு கரட்டில் ஏறுகிறோம். போலீஸ் வேலைக்குத் தயார் செய்யும் பிள்ளைகள் உடம்பு தேறட்டும் என்று ஏறுகிறார்கள். சர்க்கரை குறையட்டும் என்று ஏறுபவர்களும் உண்டு. எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வாரத்துக்கு எத்தனை நாள் ஏறலாம்? அடிபடாமல், வலி வராமல் எப்படி ஏறுவது?"

ஒரு வீட்டுப் பேச்சு

மனைவி: என்னங்க, நேத்து மலைக்குப் போயிட்டு வந்தீங்க. இன்னைக்கு மறுபடியும் செருப்பை மாட்டுறீங்களே?

கணவர்: டாக்டர் நடக்கச் சொன்னாரும்மா. ஒரு வாரம் விடாம ஏறினா தொப்பை குறைஞ்சிடும்.

மனைவி: ராத்திரி பூரா முழங்காலைப் புடிச்சிக்கிட்டு முனகினீங்களே, அதுக்கு என்ன பதில்?

இந்த அம்மாள் கேட்டது நியாயமான கேள்வி. டாக்டர் நடக்கச் சொன்னார்; தினமும் ராஜகிரி ஏறச் சொல்லவில்லை. இரண்டும் வேறு.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். படிகள் ஒரே அளவாக இல்லை. சில இடத்தில் முழங்கால் உயரம். இப்படி ஏறி இறங்கும்போது தொடையிலும் கெண்டைக்காலிலும் உள்ள தசைகளில் கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு கிழிசல்கள் உண்டாகின்றன. பயப்பட வேண்டாம். அந்தக் கிழிசல் ஆறும்போதுதான் தசை முன்னைவிட உறுதியாகிறது. ஆனால் ஆறுவதற்கு நேரம் வேண்டும். ஏறிய மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் வலி அதிகமாக இருப்பது இதனால்தான்.

தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் கயிறு போன்ற பகுதிக்குத் தசைநாண் என்று பெயர். "நரம்பு பிசகிடுச்சு" என்று நாம் சொல்வது பல நேரம் இதைத்தான். தசையைவிட இது மெதுவாகத்தான் பலப்படும். மூன்று நான்கு வாரத்தில் மூச்சு வாங்குவது குறைந்துவிடும், கால் லேசாகிவிட்டது போலத் தோன்றும். "இனி தினமும் ஏறலாம்" என்று ஆசை வருவது அப்போதுதான். தசைநாணோ இன்னும் தயாராகியிருக்காது. குதிகால் வலியும் முழங்கால் வலியும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வந்து சேர்கின்றன.

ஈரச் செங்கல்லை வைத்து ஒரே நாளில் சுவர் எழுப்பினால் என்ன ஆகும்? உடம்பும் அப்படித்தான். காய விட்டுக் காய விட்டுத்தான் கட்ட வேண்டும்.

ஏறுவதைவிட இறங்குவதில் கவனம்

"ஏறத்தான் கஷ்டம், இறங்குவது சுலபம்" என்று நினைக்கிறோம். மூச்சுக்கு அது சரி. முழங்காலுக்குச் சரியல்ல. சமதரையில் நடக்கும்போது முழங்கால் மூட்டில் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது. படி இறங்கும்போது அது சுமார் மூன்றரை மடங்கு ஆகிறது. 60 கிலோ எடையுள்ளவர் இறங்கும் ஒவ்வொரு படியிலும் அவர் மூட்டு ஏறத்தாழ 210 கிலோ தாங்குகிறது! தலையில் புல்லுக்கட்டோ விறகுக்கட்டோ இருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கால் தடுக்குவதும் கணுக்கால் பிரளுவதும் களைத்துப்போய் இறங்கும் நேரத்தில்தான் அதிகம் நேரும். ஆகவே பாதித் தெம்பை இறங்குவதற்கு மிச்சம் வைத்துக்கொண்டு ஏறுங்கள். ஓடி இறங்காதீர்கள். உயரமான படியில் பக்கவாட்டில் திரும்பி, கையால் பாறையையோ ஒரு கம்பையோ பிடித்து இறங்குங்கள்.

சரி, எத்தனை நாள்?

நல்ல உடல்நலம் உள்ள, புதிதாகத் தொடங்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும்:

1, 2-ஆம் வாரம்: வாரம் இரண்டு நாள். சிங்கவரம் படிகள், அல்லது கிருஷ்ணகிரியில் பாதி வரை.

3, 4-ஆம் வாரம்: அதே இரண்டு நாள். கிருஷ்ணகிரி முழுவதும்.

5, 6-ஆம் வாரம்: அதே இரண்டு நாள். ஒரு நாள் கிருஷ்ணகிரி, ஒரு நாள் ராஜகிரி.

7-ஆம் வாரம் முதல்: வாரம் மூன்று நாள் வரை. அதில் ராஜகிரி இரண்டு முறைக்கு மேல் வேண்டாம்.

அடுத்தடுத்த நாள் ஏறக்கூடாது. திங்கள் ஏறினால் அடுத்து வியாழன் ஏறலாம். மூன்று நாள் ஏறுபவர் திங்கள், புதன், சனி என்று வைத்துக்கொள்ளலாம். ஏறத் தொடங்கியதிலிருந்து நாலு வாரத்துக்கு ஒரு வாரம் ஏற்றத்தைப் பாதியாகக் குறையுங்கள். காய்ச்சலோ நாற்று நடவோ வந்து மூன்று நான்கு வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் இரண்டு படி பின்னால் போய்த் தொடங்குங்கள்.

மற்ற நாளில் சும்மா உட்கார வேண்டியதில்லை. சமதரையில் அரை மணி நேரம் கைவீசி நடந்தால் போதும். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வயல் வேலை செய்பவர்களுக்கு அதிலேயே இது கிடைத்துவிடும். நாள் முழுக்கக் களை பறித்தோ மூட்டை தூக்கியோ வந்தவருக்கு மறுநாள் காலை மலை வேண்டாம். அந்த வேலையும் கணக்கில் சேர்ந்ததுதான்.

வேகத்துக்கு ஓர் அளவு சொல்கிறோம். ஏறும்போது பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை என்றால் நின்று இளைப்பாறுங்கள். 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை ஒரே இரவில் இந்தக் கோட்டையைப் பிடித்தது. அது யுத்தம். நமக்கென்ன அவசரம்?

பெண்களுக்கும் ஆண்களுக்கும் சில விளக்கங்கள்

*கர்ப்பிணிகள்:* நடப்பது நல்லது, சமதரையில் நடங்கள். வயிறு பெரிதாகும்போது உடலின் சமநிலை மாறுகிறது, மூட்டுக்கட்டுகளும் தளர்கின்றன. கோட்டைப் படியில் வழுக்கினால் ஆபத்து இரண்டு உயிருக்கு. வேண்டுதல் இருந்தால் அடிவாரத்திலிருந்தே கும்பிடுங்கள், அம்மன் ஏற்றுக்கொள்வாள்.

*பிரசவத்துக்குப் பின்:* ஆறு வாரம் கழித்து டாக்டரோ நர்ஸம்மாவோ பார்த்துச் சொன்ன பிறகே மலை. சிசேரியன் ஆனவர்கள் அதுவரை குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம்.

*காப்பர்-டி போட்டவர்கள்:* "மலை ஏறினா கழண்டு விழுந்துடும்" என்பது வெறும் பேச்சு. தாராளமாக ஏறலாம்.

*பெண்களுக்கான குடும்பநல அறுவை சிகிச்சை:* இரண்டு நாள் நல்ல ஓய்வு, ஒரு வாரம் பாரம் தூக்காமை, இரண்டு வாரம் கழித்துக் காயம் ஆறியதைப் பார்த்த பின் மலை ஏற்றம்.

*ஆண்களுக்கான தழும்பில்லா அறுவை சிகிச்சை:* "ஆபரேஷன் செஞ்சிக்கிட்டா தெம்பு போயிடும், மரம் ஏற முடியாது, மலை ஏற முடியாது" என்று பயப்படுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விந்துக் குழாயில் மட்டும் செய்யும் சிறு சிகிச்சை அது. கால் தசைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் கடின வேலையும் சைக்கிளும் தவிர்த்தல். அப்புறம் பழையபடி எல்லா வேலையும் செய்யலாம். மூன்று மாதம் வரை மட்டும் ஆணுறை போன்ற வேறு பாதுகாப்பு அவசியம்.

பனை ஏறும் தோழர்களுக்கு

"எங்களுக்கு வாரக் கணக்கு பேசினா பொழப்பு எப்படிங்க?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பதநீர்க் காலத்தில் பாளை சீவ தினமும் ஏறித்தான் ஆக வேண்டும். உங்களால் நாளைக் குறைக்க முடியாது. மரத்தின் எண்ணிக்கையை ஏற்றி இறக்கலாம். பருவம் தொடங்கிய முதல் நாளே எல்லா மரத்தையும் எடுத்துக்கொள்ளாமல், இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மாதக்கணக்கில் ஏறாத உடம்புக்கு இது மிக அவசியம். தோளோ முழங்கையோ வலித்தால் அண்ணன் தம்பியோடு மரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். காலில் மாட்டும் தளையையும் இடுப்புக் கயிற்றையும் தினமும் பாருங்கள். மழை பெய்த மரத்தில் ஏறாதீர்கள். குடித்துவிட்டு ஒருபோதும் ஏறாதீர்கள். பனைமரத் தொழிலாளர்களுக்கென்று நல வாரியம் இருக்கிறது, பதிவு செய்துகொள்ளுங்கள்.

புறப்படும் முன்

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டு தொடங்குங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். சர்க்கரை உள்ளவர்கள் செருப்பில்லாமல் ஏற வேண்டாம். காலில் முள் குத்தினாலும் தெரியாது. பங்குனி, சித்திரை, வைகாசியில் பாறை அடுப்புக்கல் போலக் கொதிக்கும். காலையிலேயே ஏறி இறங்கிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துப் போங்கள். குரங்கு பையைப் பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள். படியில் இழுபறி வேண்டாம்.

அடிபட்டுவிட்டால்

கணுக்கால் பிரண்டால் உடனே உட்காருங்கள். ஈரத்துணியோ துணியில் சுற்றிய ஐஸோ வைத்து, துணிக்கட்டு போட்டு, காலை உயர்த்தி வையுங்கள். முதல் இரண்டு நாள் எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவதும் சுளுக்கு வழிப்பதும் கூடாது, வீக்கம் அதிகமாகும். நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எலும்பு முறிந்திருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் முன் கட்டுப் போடப் போகாதீர்கள்.

தொடை வலி இரண்டு மூன்று நாளில் தானாகப் போனால் அது நல்ல வலி. மூட்டு வீங்கினால், இரவில் வலித்தால், வாரம் தாண்டியும் வலி நின்றால், ஏறுவதை நிறுத்திவிட்டு அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். ஏறும்போது நெஞ்சு அடைத்தாலோ, கண் இருண்டாலோ, குளிர் வியர்வை கொட்டினாலோ ஒரு அடியும் மேலே வைக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்.

நினைவில் வையுங்கள்

• தொடங்கும்போது வாரம் இரண்டு நாள்; பழகிய பின் மூன்று நாள்.
• ஏறிய மறுநாள் மலைக்கு விடுமுறை.
• ஏறும்போது பேச்சு நிற்கக்கூடாது. இறங்கும்போது அவசரம் கூடாது.
• கணவன் வலியை மனைவியும், மனைவி வலியை கணவனும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் படுத்தால் இருவர் கூலி போகும்.

மலை எங்கும் போய்விடாது. நூற்றாண்டுகளாக அங்கேயே நிற்கிறது. நாளை மறுநாளும் நிற்கும். அதை ஏற உங்கள் கால் வேண்டும். காலைக் காப்பாற்றி வையுங்கள்.

படித்து முடித்ததும் பக்கத்து வீட்டாருக்கும் படித்துக் காட்டுங்கள்.