வந்த விருந்தாளியை ஓர் இரவு தங்க வைப்பது எப்படி?

பிள்ளையார்பட்டியில் சாமி கும்பிட்டு, ஆத்தங்குடியில் ஒரு பெரிய வீட்டைச் சுற்றிப் பார்த்து, காரைக்குடியில் மதியச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு சாயங்காலமே மதுரைக்கோ திருச்சிக்கோ வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். செட்டிநாட்டுக்கு வருகிற பலருடைய பயணம் இவ்வளவுதான். ஓலைக் கொட்டான் பின்னுகிறவருக்கும் பலகாரம் சுடுகிறவருக்கும் இதில் கிடைப்பது சொற்பம். ஊர்த் தொழில்காரர்களும் ஊராட்சியும் சேர்ந்து உட்கார்ந்தால் இதை மாற்றலாம். செட்டிநாட்டுக் கிராமம் ஒன்றை மனதில் வைத்தே சொல்கிறேன். மற்ற ஊர்க்காரர்கள் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, ஊரை நடந்து கணக்கெடுப்பது. யார் கையில் என்ன தொழில் இருக்கிறது, எந்த வீட்டில் வெளியாளைத் தங்க வைக்கச் சம்மதம், வேன் எந்தத் தெருவில் திரும்பும், பொதுக் கழிப்பறை திறந்திருக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எங்கே வெளியாட்கள் நுழையக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் பலவற்றில் பங்காளிகள் நிறையப் பேருக்குப் பாத்தியதை உண்டு. ஒருவர் தலையாட்டினால் போதாது.

அடுத்தது குழு. விடுதி உரிமையாளர், சாப்பாட்டுக் கடைக்காரர், கைத்தொழில் செய்வோர், மகளிர் சுய உதவிக் குழுவினர், ஆட்டோ ஓட்டுநர் ஆகியோரோடு ஊராட்சித் தலைவரும் செயலரும் இருக்க வேண்டும். தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலரை அழையுங்கள். மாவட்டச் சுற்றுலா அலுவலருக்கும் எழுத்து மூலம் அழைப்பு அனுப்புங்கள். விடுதிக்காரர்கள் மட்டும் கூடிப் பேசுவது வியாபாரிகள் சங்கமாகத்தான் முடியும்.

இனி வருவதுதான் முக்கியம்: யாரிடம் வாங்குவது, என்ன விலைக்கு? கேரளத்தின் குமரகத்தில் 2008-ல் பொறுப்புச் சுற்றுலாத் திட்டம் தொடங்கியபோது, விடுதிகள் காய்கறி முதலானவற்றை உள்ளூர்க் குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுய உதவிக் குழுக்களின் பெண்களிடம் வாங்க ஏற்பாடானது. பஞ்சாயத்து நடுவில் நின்றது. விலையையும் தரத்தையும் பேசி முடிக்கக் குழுக்கள் இருந்தன. அந்த அனுபவத்தின் மேல்தான் 2017-ல் கேரள அரசு மாநிலம் முழுவதற்குமான பொறுப்புச் சுற்றுலா இயக்கத்தைத் தொடங்கியது.

விடுதிக்குத் தினமும் ஒரே அளவு சரக்கு வேண்டும். தோட்டமோ ஒரு வாரம் அள்ளிக் கொடுக்கும், மறுவாரம் கைவிடும். ஆகவே விடுதி மேலாளரிடம் வாரத் தேவைப் பட்டியலை முன்கூட்டியே வாங்குங்கள். கீரை, தேங்காய், முட்டை, பால், தேன்குழல், சீப்புச் சீடை என்று சில பொருள்களோடு ஆரம்பித்தால் போதும். விலையை மாதம் ஒருமுறை திருத்துங்கள். பட்டுவாடா வாரத்துக்கு ஒருமுறை கட்டாயம் நடக்க வேண்டும். பணம் இழுபட்டால் சரக்குக் கொடுக்கும் மகளிர் குழுப் பெண்கள் மறுபடி சந்தைக்கே போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

வந்தவர் இரவு தங்க ஒரு காரணம் வேண்டும். ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையைப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தையும் பூவச்சையும் வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த கலவையைத் தூவி, பிறகு சாந்தை வைத்து அழுத்துகிறார்கள். காய்ந்த கல் தண்ணீர்த் தொட்டியில் ஊறுகிறது. கடைசியில் கண்ணாடியை எடுத்தால் மினுமினுப்போடு கல் வெளிவருகிறது. விருந்தாளி தானே ஒரு கல்லை வார்க்கட்டும்; அது காய்ந்து ஊறி வெளிவரும் வரை அவருக்கு ஊரில் வேலை இருக்கிறது. சாயங்காலம் கொட்டான் பின்னல், இரவு மகளிர் குழுவின் சாப்பாடு, காலையில் வெள்ளைப் பணியாரம் என்று கோத்துவிடுங்கள். பட்டறைக்காரருக்கு அவருடைய நேரத்துக்கான கூலி தனியாகப் போக வேண்டும். அவர் வேலையை நிறுத்திவிட்டுத்தான் காட்டுகிறார்.

காகித வேலை அதிகம் இல்லை. சாப்பாடு விற்பவருக்கு உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு, தங்க வைக்கும் வீட்டுக்குச் சுற்றுலாத் துறைப் பதிவு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு இணையத்தில் தெரிவிக்க வேண்டும்.

குப்பை, குடிநீர், தெருவிளக்கு, வழிகாட்டிப் பலகை ஆகியவை ஊராட்சியின் பொறுப்பு. அதற்குக் கைகொடுக்க, விருந்தாளி ஒருவருக்கு இவ்வளவு என்று விடுதிகள் ஊர் நிதிக்குச் செலுத்தட்டும். ரசீது போட்டு, வரவு செலவை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். கணக்கு வெளியே தெரியாத நிதி ஊரை இரண்டாக்கிவிடும்.

மார்கழி, தை மாதங்களில் ஆரம்பியுங்கள். சித்திரை வெயிலில் யாரும் தெருவில் நடக்க மாட்டார்கள். முதலில் கட்டடக்கலை மாணவர்கள் போன்ற சிறு குழுக்களை அழையுங்கள். அவர்கள் வீடுகளைப் பொறுமையாகப் பார்ப்பார்கள், குறைகளையும் சொல்வார்கள்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்து வரும் கூட்டத்துக்கு உங்கள் நோட்டோடு போங்கள். குழு அமைக்கும் கோரிக்கையை எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.